எத்தனையாவது ஓடு?

அக்கா எந்தக் கதிரையிலும் வந்தவுடன் உட்கார்ந்ததை, ஒரே ஒரு நாளைத் தவிர, நான் கண்டதில்லை. முதலில் கதிரையைப் பின்னுக்கு இழுப்பார். குனிந்து அடியைப் பார்ப்பார். கால்கள் நிலத்தில் பதியும் இடங்களைப் பார்ப்பார். பிறகுதான் இருப்பார். கலியாண வீட்டிலும் அப்படித்தான். வங்கியிலும் அப்படித்தான். எங்கள் வேலைத்தளத்தில் நிழலுக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் கதிரையிலும் அப்படித்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைப் பார்த்தேன். புது ஆட்களோடு நானாக வாய் திறப்பது குறைவு. அன்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அங்க ஒண்டுமில்லை அக்கா."

அவர் குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பாத்தனியோ?"

"இல்லை..."

"பாக்காமல் ஒண்டுமில்லை எண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரைப் 'பாத்தனியோ அக்கா' என்றுதான் அவர்கள் தங்களுக்குள் சொல்வார்கள் என்று பிறகு அறிந்தேன். அவருக்கும் அது தெரியும். அதற்காக அவர் கேட்பதை நிறுத்தவில்லை. தேத்தண்ணிப் போத்தலில் ஒன்றுமில்லை என்றால் கேட்பார். காய்ச்சல் ஒன்றுமில்லை, நல்ல சுகம் என்றாலும் கேட்பார். "என்ன பிள்ளை, முகம் வாடியிருக்கு?" என்று அவரே கேட்டு, "ஒண்டுமில்லை அக்கா" என்று நாங்கள் சொன்னால், "பாத்தனியோ?" என்று நெஞ்சைக் காட்டிக் கேட்பார்.

அவர் வாயிலிருந்து மட்டும் அந்தச் சொல் வராது.

எங்களுடையது மிதிவெடி எடுக்கிற வேலை. ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில், பெரிய றோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பற்றைக்காடு. முன்பு ஒரு காலத்தில் ஊராக இருந்த இடம். கிணற்றுக் கட்டும் இடிந்த குசினிச் சுவரும் பற்றைக்குள் கிடந்தன. ஒவ்வொருத்திக்கும் ஒரு லேன். இரண்டு பக்கமும் நாடா கட்டி, சிவப்பு முனைத் தடி நட்ட ஒடுங்கிய பாதை அது. அதற்குள் முழங்காலில் இருந்து, உலோகம் தேடுகிற மெசினை மண்ணுக்கு மேலே மெதுவாக அசைத்துக்கொண்டு போக வேண்டும். மெசின் கத்தினால் நிறுத்தி, பக்கத்திலிருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். அநேகமாக ஆணி, தகரம், துவக்குச் சன்னக்கோது, ஷெல் துண்டு என்று ஏதாவது இருக்கும். எப்போதாவது மற்றது இருக்கும். நாடாவுக்கு இந்தப் பக்கம் பார்த்த நிலம். அந்தப் பக்கம் பார்க்காத நிலம். கண்ணுக்கு இரண்டும் ஒரே மண்தான்.

காலையில் என் மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வருவேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. தகப்பன் இல்லை. பின்னேரம் இரண்டு காலோடும் திரும்பிப் போய் அவளைத் தூக்க வேண்டும். அந்த வேலையில் எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. தலைக்கவசத்தைப் போட்டு முகக் கண்ணாடியைக் கீழே இழுத்தவுடன் என்னுடைய மூச்சே எனக்குப் பெரிய சத்தமாகக் கேட்கும்.

"எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா" என்று இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சொன்னேன்.

"நல்லது" என்றார். "பயமில்லாததுகளுக்குப் பக்கத்து லேனில நான் இருக்க மாட்டன்."

அடுத்த நாளிலிருந்து எனக்குப் பக்கத்து லேன் அவருடையது.

அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்யக் குடியேறிய குடும்பம். படலையடியில் நான் சைக்கிளை நிறுத்தும்போதே அவருடைய கணவர் சத்தம் வைத்தார்.

"பிள்ளை, பாத்து வாரும்! இஞ்ச குசினிக்குப் போறதெண்டாலும் இவவிட்டைப் பாஸ் எடுக்க வேணும்!"

முற்றம் கண்ணாடி போலக் கூட்டியிருந்தது. வளவின் மூலையில் பெரிய பாலை மரம். அதைச் சுற்றிச் சிவப்பு நிறச் சொப்பிங் பையைக் கிழித்து நாடாவாகக் கட்டியிருந்தார். நாடாவுக்கு அப்பால் புல் இடுப்பளவு நின்றது. மரத்துக்குக் கீழே மஞ்சளாகப் பழம் கொட்டிக் கிடந்தது.

"இது வெடி எடுத்து முடிச்சுக் குடுத்த காணி எல்லே அக்கா?"

"எடுத்தவை அப்பிடித்தான் சொன்னவை."

"பிறகென்ன?"

"நான் பாக்கேல்லை."

கணவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "எங்கட மரத்துப் பழம் முழுக்கக் குரங்குக்கு. எங்கட பொடியனுக்குப் பாலைப்பழம் றோட்டில வாங்கிக் குடுக்கிறம். ஊரில ஆருக்காவது இப்பிடி நடக்குமோ?"

அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது எனக்கும் சிரிப்பு வரவில்லை. குரங்குகள் அந்த மரத்துக்குக் கீழே ஓடித் திரிந்தனவே, ஒன்றும் நடக்கவில்லையே என்று நினைத்தேன். குரங்குக்குப் பாரம் காணாது என்று உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. அதன் பிறகு சைக்கிளை றோட்டின் நடுவால்தான் ஓட்டினேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு எவ்வளவோ காலமாகியும் அவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி. "விஞ்ஞானம் மட்டும் இடப்பெயர்வுக்குள்ள போயிட்டுது" என்பார், ஏதோ ஆட்டுக்குட்டி தவறிப் போனதைப் போல. அதை எடுத்து முடிக்க வேண்டும் என்று பிடிவாதம். யாரோ கொடுத்த பழைய புத்தகத்தைப் பையில் கொண்டு வருவார். இடைவேளையில் அவர் பாடமாக்கியதைச் சொல்லுவார். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும்.

"ஏன் அக்கா என்னைப் பிடிச்சனீங்கள்?"

"நீ கனக்கக் கதைக்க மாட்டாய். பிழை விட்டாலும் சிரிக்க மாட்டாய்."

அணு பாடம் வந்தபோதுதான் கரைச்சல் தொடங்கியது. நடுவில் கரு. கருவுக்குள் புரோத்தனும் நியூத்திரனும். கருவைச் சுற்றி ஓடுகள். ஓடுகளில் இலத்திரன்கள், ஒவ்வொரு மூலகத்துக்கும் எந்த ஓட்டில் எத்தனை என்று கணக்கு. இதையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அடுத்த வரியை நான் வாசித்தேன். அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்று இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார்.

"திருப்பி வாசி."

வாசித்தேன்.

"வெற்றிடமெண்டால் ஒண்டுமில்லை எண்டுதானே?"

"ஓம் அக்கா."

"ஆர் பாத்தது?"

"தெரியேல்லை. புத்தகத்தில கிடக்கு."

எங்கள் அணிக்குப் பொறுப்பாக ஒரு தம்பி இருந்தார். வவுனியா ரவுண் பிள்ளை, உயர்தரம் வரைக்கும் படித்தவர், எங்கள் இருவரையும் விட வயதில் குறைந்தவர். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து விளங்கப்படுத்தினார்.

"அக்கா, ஒரு அணுவைப் பெரிய விளையாட்டு மைதானம் அளவுக்குப் பெருப்பிச்சுப் பாருங்கோ. கரு நடுவில ஒரு கடுகு மாதிரித்தான் இருக்கும். இலத்திரன் அந்தா, ஓரத்தில எங்கையோ. இடையில வெறும் வெளி. இந்தக் கதிரை, கோப்பை, நீங்கள், நான், நிலம் எல்லாம் அப்பிடித்தான்."

அக்கா தான் இருந்த கதிரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஏன் நான் இதுக்குள்ளால விழேல்லை?"

"இலத்திரன் இலத்திரனைத் தள்ளும். மறையேற்றமும் மறையேற்றமும் எல்லே. அந்தத் தள்ளுகைதான் உங்களைத் தாங்கி வைச்சிருக்கு."

"ஒண்டுக்கொண்டு பிடிக்காததாலை நிக்கிறம் எண்டு சொல்லுறாய்."

தம்பி தலையைச் சொறிந்தார். பிறகு கதையை மாற்ற நினைத்தோ என்னவோ, "இந்த ஓட்டுக்கு இங்கிலிசில ஷெல் எண்டுதான் பேர் அக்கா" என்றார்.

தறப்பாளுக்குக் கீழே இருந்த எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். அக்கா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"ஷெல்லைப் பற்றி எங்களுக்கோ தம்பி படிப்பிக்கப் போறாய்?"

அன்று தொடங்கிச் சில நாட்கள் அவர் சரியாக இல்லை. நடக்கும்போது காலை வைத்து, ஒரு கணம் பொறுத்து, பிறகுதான் பாரத்தைக் கொடுப்பார். "மைதானம் முழுக்க வெளி. நடுவில ஒரு கடுகு" என்று தனக்குள் சொல்லுவார். "எங்கட காணிதான் பிள்ளை இது. எல்லா இடமும் எங்கட காணி மாதிரித்தான் செய்து வைச்சிருக்கு." எனக்கும் அது தொற்றிவிட்டது. குளிக்கும்போது என்னுடைய காலைப் பார்த்தேன். இதற்குள்ளும் வெளிதானா, அப்படியென்றால் இவ்வளவு நாளும் எதைக் காப்பாற்றிக் கொண்டு திரிகிறேன் என்று ஒரு விதமாக இருந்தது. மகளைத் தூக்கி இறுக்கிப் பிடித்தேன். இறுக்கமாகத்தான் இருந்தாள்.

புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளி ஒரு பரிசோதனை இருந்தது. ஒரு விஞ்ஞானி மிக மெல்லிய பொன் தகட்டின் மீது சிறிய துணிக்கைகளை எய்து பார்த்திருக்கிறார். கிட்டத்தட்ட எல்லாமே மறுபக்கம் போய்விட்டன. மிகச் சில மட்டும் எதிலோ முட்டித் திரும்பி வந்தன. திரும்பி வந்தவற்றை வைத்துத்தான் நடுவில் கரு இருப்பதைக் கண்டுபிடித்தார். நான் வாசிக்க வாசிக்க அக்காவின் முகம் மாறியது. பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"உவனும் மெசின் பிடிச்சவன்தான்! பாத்திட்டுத்தான் சொல்லியிருக்கிறான்."

"ஓம் அக்கா."

"கனக்கப் போகும், ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருப்பாய். ஒண்டு திரும்பி வரும். அப்பதான் தெரியும்."

பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்குத் திரும்பி வந்தால் பரவாயில்லை."

அந்தப் பரீட்சையை அவர் எழுதினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்கழி மழைக்குள் போய் எழுதிவிட்டு வந்து, என் வீட்டுப் படலையில் நின்றே கத்தினார்: "ஓடு கீறுற வட்டம் ஒண்டு கூட வரேல்லை பிள்ளை! அணுவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை! முழுக்க இலையும் வேரும்!" சித்தியும் அடைந்தார். ஆனால் நான் சொல்ல வேண்டியது அதற்கு முந்திய சோளகக் காற்றுக் காலத்தில் நடந்தது.

சோளகம் தொடங்கினால் அந்தக் காட்டில் காதுக்குள் எந்த நேரமும் காற்று இரையும். தலைக்கவசம் வேறு. தங்களுடைய குரல் தங்களுக்கே கேட்காததால் எல்லாரும் உரத்துத்தான் பேசுவார்கள். அன்று வெயில் ஏறிய நேரம். இடைவேளை விசில் அடித்துவிட்டது. நான் மெசினைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் லேன் ஒரு வீரை மரத்தைச் சுற்றி வளைந்து போகும். வளைவுக்கு அப்பால் தறப்பாள் தெரிந்தது.

அப்போது அக்காவின் குரல் கேட்டது.

"ஓடு!"

நிமிர்ந்தேன்.

"ஓடு! ஓடு!"

எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் மூளைக்குப் போவதில்லை. நேரே காலுக்குத்தான் போகும். இடப்பெயர்வில் அம்மா எங்களை அந்த ஒரு சொல்லால்தான் கொண்டுவந்து சேர்த்தார். ஏன், எங்கே என்று கேட்டவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் ஓடினேன். தறப்பாள்தான் கண்ணில் நின்றது. மரத்தைச் சுற்றவில்லை. நேரே ஓடினேன். காலில் ஏதோ தட்டுப்பட்டது. அதையும் தாண்டி ஓடினேன்.

"நில்லுங்கோ! நில்லுங்கோ அக்கா! அப்பிடியே நில்லுங்கோ!"

தம்பியின் குரல், என்னைப் பார்த்து. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்குமாக நின்றேன். முகக் கண்ணாடி என்னுடைய மூச்சால் வெள்ளையாகிவிட்டது. அது மெல்ல மெல்லத் தெளிந்தபோது முன்னால் புல் தெரிந்தது. வெட்டாத புல். நாடா எங்கே என்று தேடினேன். நாடா எனக்குப் பின்னால் இருந்தது.

விசில் நீளமாக அடித்தது. பேச்சுச் சத்தம் எல்லாம் நின்றது. காற்றும் நின்றது போலத்தான் எனக்கு இருந்தது.

"கையையும் அசைக்காதீங்கோ. நான் வாறன்" என்றார் தம்பி.

"நீ நில். நான்தான் கிட்ட. நான் வாறன்." அது அக்கா.

அவருடைய லேனிலிருந்து எனக்குப் பின்பக்கமாக ஒரு புதுப் பாதையைப் பார்த்துப் பார்த்து வர வேண்டும். அது விரைவாகச் செய்கிற வேலை இல்லை. மெசின் புல்லில் உரசும் சத்தம், பிறகு அவர் முழங்காலை நகர்த்தும் சத்தம், பிறகு மறுபடி மெசின். என்னுடைய முன்கால் நடுங்கத் தொடங்கியது. நடுங்குவதும் அசைவதுதானே என்று நினைத்தவுடன் இன்னும் கூட நடுங்கியது. காற்சட்டைக்குள் ஓர் எறும்பு ஏறியது. ஏறட்டும் என்று நின்றேன். மகள் இந்நேரம் சாப்பிட்டிருப்பாள், தங்கச்சி அவளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தாளோ தெரியாது என்று ஒரு நினைவு வந்தது.

"அக்கா."

"என்னைத் திரும்பிப் பாராதை. அந்த வீரையைப் பார்."

"அக்கா, ஏன் ஓடச் சொன்னனீங்கள்?"

மெசின் சத்தம் நின்றது.

"நான் ஆரை ஓடச் சொன்னனான்?"

"ஓடு ஓடு எண்டு கத்தினனீங்கள்."

அவர் மிகச் சின்னக் குரலில் சொன்னார்:

"ஐயோ பிள்ளை. மூண்டாவது ஓட்டில எத்தினை எண்டு மறந்து போச்சு. அதையெல்லே சொல்லிச் சொல்லிப் பாத்தனான்."

தறப்பாள் பக்கம் யாரோ ஒருத்தி அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் போட்டாள்.

"சோடியமோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஓம். சோடியம்."

"ஒண்டு. மூண்டாவது ஓட்டில ஒண்டு."

மெசின் மறுபடி உரசத் தொடங்கியது.

"முதலாவதில?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டாவதில?"

"எட்டு."

"கால் நடுங்குது. ஆறுதலாச் சொல்லு. அந்தக் கடைசி ஒண்டுக்கு என்ன நடக்கும்?"

"கழண்டு போயிடும்."

"ஏன் போகும்?"

"தூரத்தில தனிய நிக்கிறதாலை. கரு இழுக்கிறது காணாது."

"அப்ப நான் கிட்ட வாறன். நீ கழண்டு போகாதை."

நான் வீரை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் கொஞ்சம் அடங்கியது. திரும்பவும் முதலாவதில் ரெண்டு என்று தொடங்கினேன். அவரும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். குரல் கிட்ட வந்தது. ரெண்டாவதில் எட்டு என்று நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்லும்போது மெசின் கத்தியது.

என் முதுகுக்கு நேர் பின்னால்.

அக்கா பேசுவதை நிறுத்தினார். மண்ணைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் சுரண்டுவார், நிற்பார். கொஞ்சம் சுரண்டுவார். ஆணியாக இருக்கும் என்று நினைத்தேன். தகரமாக இருக்கும். அந்தக் காட்டில் தகரம் இல்லாத இடம் உண்டா? சுரண்டும் சத்தமும் நின்றது. தறப்பாள் பக்கம் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியது கேட்டது. அக்கா அவருக்குக் கையால் காட்டியிருக்க வேண்டும்.

"அக்கா?"

ஒரு தடியை மண்ணில் நடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, என்னக்கா?"

"ஒண்டுமில்லை" என்றார்.

அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவர் "இருக்கு, அசையாதை" என்று சொல்லியிருந்தாலும் எனக்கு அவ்வளவு பயம் வந்திராது.

அவர் அதைச் சுற்றி விலகி வந்தார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. கடைசியில் என்னுடைய கவச அங்கியின் பட்டியை ஒரு கை பின்னாலிருந்து பிடித்தது.

"இப்ப மெல்லத் திரும்பு. என்ர முதுகை மட்டும் பார். நான் கால் எடுத்த இடத்தில கால் வை. கீழ மற்றப் பக்கம் பாக்காதை."

நான் பார்த்தேன். என்னுடைய சப்பாத்து அடையாளங்கள் நாடாவிலிருந்து என்னிடம் வந்திருந்தன. இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் ஒரு சிவப்புத் தடி நின்றது. தடிக்குப் பக்கத்தில், சுரண்டிய மண்ணுக்குள், சவர்க்காரப் பெட்டி மூடி அளவில் பழுப்பாக ஒன்று. நான் குதித்து ஓடிய வேகத்தில் குதிக்கால் தள்ளிய மண் அதன் விளிம்பில் சரிந்து கிடந்தது.

"ஒண்டுமில்லை" என்று அக்கா திரும்பவும் சொன்னார். "வா."

தறப்பாளுக்குக் கீழே வந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் தந்தார்கள். தம்பி பேசத் தொடங்கினார்: எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், அவசரம் என்றாலும் நடந்துதான் வர வேண்டும், லேனுக்குள் இருந்து பாடம் ஒப்புவிக்கிற வேலை இனிமேல் வேண்டாம் என்று. பேசிக்கொண்டே அவரும் அழுதுவிட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நேரே வந்து, கதிரையை இழுக்காமல், குனியாமல், அப்படியே பொத்தென்று உட்கார்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார். அது தளம்பிக் கையெல்லாம் ஊற்றியது. எங்கள் எல்லாரிலும் கூடப் பயந்தவர் அவர்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் அவருக்கு முன்னால் குனிந்து கதிரையின் அடியைப் பார்த்தேன். நான்கு காலையும் பார்த்தேன்.

"பாத்தன் அக்கா" என்றேன்.

அவர் என்னுடைய தலையில் கையை வைத்தார்.

"இஞ்ச கேள். இனிமேல் ஆரும் ஓடு எண்டு சொன்னால் உடனே ஓடாதை. எத்தினையாவது ஓடு எண்டு கேள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குப் பிறகு எங்களைத் தூரத்தில் இருத்திவிட்டு அதை வெடிக்க வைத்தார்கள். சத்தம் நெஞ்சில் வந்து அடித்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பின்னேரம் இரண்டு காலோடும் வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கினேன். இறக்கச் சொல்லி அவள் கத்தும் வரைக்கும் வைத்திருந்தேன்.

பரீட்சை முடிந்த அடுத்த வருடம் அவர்கள் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் கணவரின் ஆட்களிடம் போனார்கள். போவதற்கு முதல் பாலை மரத்து நாடாவை அவிழ்த்தாரோ தெரியாது. கொஞ்சக் காலம் போனில் கதைத்தோம். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. நாங்கள் வேலை செய்த காட்டில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. பஸ்ஸில் அவ்விடத்தால் போகும்போது முற்றங்களில் கோழி மேய்வது தெரிகிறது. நான் பார்த்த துண்டு எது, அக்கா பார்த்த துண்டு எது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

மகள் வளர்ந்துவிட்டாள். இந்த முறை பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் அவள் ஓடுவதாகச் சொன்னாள். நான் போனேன். பெற்றோருக்கு மைதான ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். நான் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு லேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

வெடிச் சத்தத்தோடு பிள்ளைகள் புறப்பட்டார்கள். பக்கத்து அம்மா எழும்பி நின்று கத்தினார்: "ஓடு! ஓடு!" எனக்குப் பின்னால் இருந்தவர்களும் எழும்பினார்கள். மைதானம் முழுக்க அந்த ஒரு சொல்தான். ஓடு, ஓடு, ஓடு. என்னுடைய இரண்டு காலும் ஒரேயடியாக எழும்பின. கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்தேன். எத்தனையாவது ஓடு? முதலாவதில் ரெண்டு. வாய் திறக்காமல் சொன்னேன். ரெண்டாவதில் எட்டு. மகள் கோட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள். மூன்றாவதில் ஒன்று. அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக வந்தாள். அங்கேயிருந்து நேரே, வெள்ளைக் கோடுகள் எல்லாவற்றையும் குறுக்காகக் கடந்து, மைதானத்தின் நடுவால் என்னிடம் ஓடி வந்தாள். ஒவ்வொரு காலாக அவள் வைத்த இடங்களை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாற்றை அம்மாமாரும் எழும்பி நிண்டு கத்தினவை. நீங்கள் மட்டும் ஏனம்மா கத்தேல்லை?" மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா இது, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு. என்ன?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவள் நம்பினாள். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போத்தலை என் மடியில் போட்டாள். கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். கோடுகளுக்கு மேலால் திரும்பவும் ஓடிப் போனாள்.